நல்லகண்ணு ரத்தத்துக்கு வந்த உரிமைக்காரர்கள்

தென்காசி நல்லகண்ணு அண்ணாச்சிக்கு வாழை இலை வியாபாரம். குற்றாலத்து ஹோட்டல்களுக்கெல்லாம் அவர்தான் இலைக்கட்டு போடுவார். கட்டை இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தன் இலை எப்படி இருக்கிறது என்று தானே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. நாலு கடையில் நிம்மதி அடைந்துவிட்டு வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். தொண்ணூறைத் தாண்டி, ஆட்டுக்கால் பாயாவை முடித்த கையோடு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவர்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சீசனில், யாக்கூப் பாயின் புரோட்டாக் கடையில், அண்ணாச்சிக்கு எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். மதுரையில் இதய நோய் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் நீலா. அருவியில் குளித்த ஈரத்தலையோடு, தன் தட்டைத் தொடாமல், அண்ணாச்சி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரத்தம் சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு டாக்டரம்மா? உள்ள தான ஓடுது. வெளிய வந்தாத்தான கவலை?"

யாக்கூப் பாய்தான் சமாதானம் சொல்லி அவர் கையை நீட்ட வைத்தார். ரத்தத்தைப் பார்த்த டாக்டர் பயந்துபோனார். மேலே ஆடை கட்டியிருந்தது. இவ்வளவு கொழுப்புக்கு அண்ணாச்சி எப்போதோ போட்டோவாகச் சுவரில் தொங்கியிருக்க வேண்டும். ஆனால் ஈ.சி.ஜி. எடுத்தால் இருபது வயசுப் பையனின் இதயம்.

"உங்க பரம்பரையில ஏதோ ஒரு ஜீன் மாறியிருக்கு அண்ணாச்சி. கொழுப்பை ரத்தக்குழாயில ஒட்டவிடாம அது அடிச்சுக்கிட்டுப் போயிடுதுன்னு நினைக்கிறேன்."

இந்தச் செய்தி வீரகேரளம்புதூர் வரை பரவிக்கிடந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் எட்டியது. அன்றிலிருந்து அந்த வம்சத்தில் யாருக்கும் பயமில்லை. அண்ணாச்சியின் தம்பி சுடலையாண்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றிருந்த கறியைத் தினப்படி ஆக்கிக்கொண்டார். "நம்ம ரத்தம் பாத்துக்கிடும்" என்பார்.

அந்த ஜீனைத் தேடிப் பிடிக்கிற வசதி நீலாவிடம் இல்லை. வெளிநாட்டில் பழக்கமான ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அண்ணாச்சியின் ரத்தத்தை அனுப்பினார். பல வருஷம் பேச்சு மூச்சில்லை. எண்பத்தாறு சீசனில் அவர் தென்காசிக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ஜீனைக் கண்டுபிடிச்சுட்டாங்க அண்ணாச்சி. பேட்டண்டும் வாங்கிட்டாங்க."

"அப்படின்னா?"

"அது அவங்களுக்குச் சொந்தம்னு எழுதி வாங்கியாச்சு. இனி அதை வச்சு அவங்கதான் மருந்து செய்யலாம், அவங்கதான் சோதிக்கலாம். அந்த ஜீன் யாருக்கு இருக்குன்னு சோதிக்க வேண்டிய ரசாயனச் சரக்கைக் கேட்டேன். தரமாட்டோம், உங்க ஆராய்ச்சியை நிறுத்திக்கோங்கன்னுட்டாங்க."

அண்ணாச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கன ஓடுதது எங்க அப்பா குடுத்ததுலா? அவன் எப்ப கிரயம் பண்ணுனான்?"

அன்று சாயங்காலமே வக்கீல் ராமசேஷனிடம் போய், தன் பெயருக்கு ஒரு பேட்டண்ட் வேண்டும் என்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"புதுசா கண்டுபிடிச்ச பொருளுக்குத்தான்யா குடுப்பான். உம்மை நீர் கண்டுபிடிச்சீரா?"

"எங்க அப்பாவும் அம்மாவும் கண்டுபிடிச்சாங்க."

"முன்னமே புழக்கத்துல இருக்கப்படாது."

"தாத்தா காலத்துலருந்து புழக்கத்துல இருக்கே."

"அப்ப போச்சு. அந்த ஊர்ப் பேட்டண்ட் இங்க செல்லாது, அது வேற விஷயம். ஆனா சரக்கு அவன் கையில இருக்கே. உம்ம கையில என்ன இருக்கு?"

அதற்கு விடை அடுத்த வருஷம் தானாகவே கிடைத்தது. மருந்து செய்ய ஒருத்தர் ரத்தம் போதாதாம். வம்சத்தில் எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்று அந்தக் கூடத்தின் ஆள் வந்து இறங்கினார். சாரலில் நனைந்த கோட்டு சூட்டு, ஒரு பெட்டி நிறையக் கைக்கடிகாரம். கை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் கடிகாரம் பரிசு. அண்ணாச்சி அவருக்கு இலை போட்டு விருந்து வைத்தார். கூடவே உட்கார்ந்து வழக்கம்போல் தானும் சாப்பிட்டார். வந்தவர் பிரமித்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கையில் பேச்சைத் தொடங்கினார்.

"நாங்க கை நீட்டுதோம். ஆனா சோதிக்கிற சரக்கு எங்க டாக்டரம்மாவுக்கு வரணும். அவ்வொ எங்க ஆளுகளுக்குச் சோதிச்சுச் சொல்லணும். அவ்வொ ஆராய்ச்சிய ஒருத்தரும் தடுக்கப்படாது."

நீலா இங்கிலீஷில் சொல்லிக் காட்டினார். வந்தவர் தலையை ஆட்டி, முடியாது என்றார். கூடியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் சட்டைக்கையை இறக்கிவிட்டது. கடற்கரை என்கிற ஒருவர் மட்டும் முண்டியடித்துப் போய்க் கையை நீட்டினார். வந்தவரும் சந்தோஷமாக ரத்தத்தை எடுத்துக்கொண்டு கடிகாரத்தைக் கொடுத்தார். அவர் அண்ணாச்சிக்கு மனைவி வழியில் மைத்துனர். அவர் ரத்தத்துக்கும் இந்த வம்சத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பது கடிகாரம் கொடுத்தவருக்கு எப்போது தெரிந்ததோ!

ஒரு வருஷம் இழுத்தடித்து, வேறு வழியில்லாமல் அந்தக் கூடம் ஒத்துக்கொண்டது. மதுரைக்குச் சரக்கு வந்தது. நீலா வம்சம் முழுவதையும் சோதித்தார். அண்ணாச்சிக்கு அந்த ஜீன் இருந்தது. வீரகேரளம்புதூர் அத்தைக்கும் இருந்தது. பாதிப் பேருக்கு இல்லை. சுடலையாண்டிக்கு இல்லவே இல்லை. போதாக்குறைக்கு ரத்தக்குழாயில் அடைப்பும் தொடங்கியிருந்தது.

"யண்ணே, நல்லாப் பாக்கச் சொல்லுங்க! ஒரே அப்பா பிள்ளைங்கதான நாம?"

"அப்பா எல்லாத்தையும் சரிபாதியாவா பங்கு வச்சாரு? வயல்லயும் ஒனக்கு மேட்டுத் துண்டுதான் விழுந்துது."

"பேசாம அந்த வெள்ளக்காரங்கிட்டயே விட்டுத் தொலைச்சிருக்கலாம். நான் பாட்டுக்குத் தெரியாம சந்தோஷமாத் தின்னுருப்பேன்."

"தின்னுட்டுப் போய்ச் சேந்திருப்பே. வாயப் பொத்து."

நீலா அவருக்கு மாத்திரையும் பத்தியமும் எழுதிக் கொடுத்து, காலையில் குற்றாலம் வரைக்கும் நடக்கச் சொன்னார். சுடலையாண்டி வழியெல்லாம் அந்த ஆராய்ச்சிக்கூடத்தையும் அண்ணனையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே நடந்தார். அண்ணாச்சிக்கு நடை தேவையே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் தம்பி தனியாகப் போனால் எந்தக் கடைக்குள் நுழைவானோ என்று, மேல்மூச்சு வாங்க அவரும் கூடவே நடந்தார்.