நகாகுராவும் கொழுப்புக் குறைக்கும் தேநீரும்

நகாகுரா எதையும் மடமடவென்று குடிக்கமாட்டார். மூடியைத் திருகி ஒரே ஒரு வாய் எடுப்பார். அதை இடது கன்னத்தில் ஒதுக்கி, மூன்று தவணையாக உள்ளே இறக்குவார். மூடியை இறுக்கி, சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் இறுக்குவார். நுமாசுவிலிருந்து டோக்கியோவுக்கு விரைவுச் சாலையில் பேருந்து ஓட்டுகிறவருக்குத் தாகத்தைவிடச் சிறுநீர்ப்பைதான் பெரிய எதிரி. நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். அதைத் தாண்டி எங்கே ஓரங்கட்டினாலும் அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படி ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில், தொப்புளைச் சுற்றிய நாடா எண்பத்தெட்டரையில் நின்றது. ஜப்பானியக் கணக்கில் ஆண்களின் இடுப்பு எண்பத்தைந்து சென்டிமீட்டரைத் தொடக்கூடாது. இரத்தச் சர்க்கரையும் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இடுப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா நான் கண்டுக்க மாட்டேன்," என்றார் பணிமனை மேலாளர். "மூணு மாசத்துல மறு பரிசோதனை, அப்பவும் சர்க்கரை இறங்கலன்னா டோக்கியோ வண்டி கிடையாது. ஊருக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போற டவுன் பஸ்தான்."

நகாகுராவுக்கு அந்தச் சாலை வேண்டும். திரும்பி வருகையில், கோத்தெம்பாவை நெருங்கும்போது, ஃபூஜி மலை முன்கண்ணாடியை அடைத்துக்கொண்டு வரும் பத்து நிமிடத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை.

ஓய்வறையில் சக ஓட்டுநர் ஹொசோயா இதற்கு வழி வைத்திருந்தான். ஒரு கையில் ராமென் நூடுல்ஸ், பக்கத்தில் வறுத்த சோறு, நடுவில் ஒரு பாட்டில் கொழுப்புக் குறைக்கும் தேநீர்.

"இதக் கூட வச்சுக்கிட்டா என்ன தின்னாலும் உடம்புல ஒட்டாதுய்யா."

"ஒட்டலன்னா எங்க போகும்?"

"எது?"

"நீ தின்ன கொழுப்பு. ஒட்டாம எங்க போகும்?"

"போற வழியா போகும். சாப்பிடுற நேரத்துல கேக்குற கேள்வியா இது!"

அன்று மாலை நகாகுரா ஒரு பாட்டிலை வாங்கிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் ஏதும் படிந்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்பக்கம், அரசு அனுமதி முத்திரையில், இரண்டு கையையும் விரித்தபடி ஒரு குட்டி மனிதன்.

"கையை விரிச்சுட்டு நிக்கிறான் பாத்தியா? என்கிட்ட ஒண்ணுமில்லன்னு அவனே சொல்றான்."

"அவன் சந்தோஷத்துல குதிக்கிறான்ங்க," என்றாள் மனைவி மினேகோ, அடுப்படியிலிருந்து.

"நார்ச்சத்து சேத்திருக்காங்களாம். கொழுப்பு சேர்றத மட்டுப்படுத்த உதவும்னு போட்டிருக்கு. அது என்ன உதவும்? செய்யும்னு எழுத வேண்டியதுதானே?"

"குடிச்சுட்டு சந்தேகப்படுங்களேன்."

பின்பக்கம் எறும்பு எழுத்தில் இரண்டு வரி. அளவு மிஞ்சினால் வயிறு இளகலாம். சோறு, குழம்பு, காய் எல்லாம் சமமாகச் சேர்த்து உண்ணவும்.

"சமமா சாப்பிடுறவனுக்கு இந்தத் தண்ணி எதுக்குடி?"

ஆனாலும் ஆரம்பித்தார். பன்னிரண்டு வாரம், வேளைக்கு ஒரு பாட்டில். ஏமாற்று என்றால் அதை முறைப்படி நிரூபித்துவிடுவது என்று முடிவு. அவ்வளவு தண்ணீரும் உள்ளே போக இடம் வேண்டுமே, வண்டியில் குடிக்கும் டப்பா காப்பியை நிறுத்தினார்.

மூன்றாம் நாள், அஷிகாராவில் இருக்கும் அந்த ஒரே நிறுத்தத்தைக் கடந்து கால் மணி நேரத்தில், வயிற்றுக்குள் யாரோ பெட்டியை இழுத்தார்கள். பின்னால் முப்பத்தெட்டு பயணிகள். பிடரியில் வியர்வை. ஓரங்கட்டும் விளக்கின் பொத்தானுக்கு விரல் போய்ப் போய்த் திரும்பியது. அவர் ஓரங்கட்டவில்லை. டோக்கியோவில் கடைசிப் பயணி இறங்குகிறவரை தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு, பிறகு ஓடினார்.

"வழி தெரிஞ்சுடுச்சு," என்றார் மறுநாள் ஹொசோயாவிடம். "உன் கொழுப்பு எங்க போகுதுன்னு."

காலைப் பாட்டில் அன்றோடு நின்றது. இரவுப் பாட்டில் தூக்கத்தைக் கெடுத்தது, அதிலும் தேயிலைதானே. அதுவும் நின்றது. டோக்கியோவில் இரண்டு மணி நேரம் வண்டி நிற்கும்போது, மதியச் சாப்பாட்டோடு ஒன்று மட்டும் மிஞ்சியது. அதையும் திருடனைக் கண்காணிப்பதுபோல் பார்த்துக்கொண்டே குடித்தார்.

பன்னிரண்டு வாரம் முடிந்து, மறு பரிசோதனையில் இடுப்பு எண்பத்தாறு. சர்க்கரை கோட்டுக்குக் கீழே. டோக்கியோ வண்டி அவருக்கே. ஹொசோயாவின் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. நாடா இழுபட்டுப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாதி கனமாரு தாளைப் புரட்டினாள். "முன்னாடி ஒரு நாளைக்கு எத்தன டப்பா காப்பி குடிச்சீங்க, நகாகுரா சான்?"

"மூணு. சில நாள் நாலு."

"சர்க்கரை போட்டதா?"

"காப்பின்னா சர்க்கரைதானே."

"அது நின்னதுதான் பெரிய விஷயம்னு நினைக்கிறேன்."

"அப்ப தேநீர் ஒண்ணுமே செய்யலையா?"

"கொஞ்சம் உதவியிருக்கலாம். சர்க்கரை இல்லாத பானம், கெடுதல்னு சொல்லமாட்டேன். ஆனா அத நம்பி ரெண்டு தட்டு சாப்பிட்டா அது பாவம் என்ன பண்ணும்?"

"உதவியிருக்கலாம்," என்று நகாகுரா திருப்பிச் சொன்னார். "பாட்டில்ல எழுதுறவரும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. டப்பா காப்பியை நிறுத்தினால் மட்டும் இடுப்பு இரண்டரை சென்டிமீட்டர் வற்றுமா? எங்கோ கணக்கு உதைக்கிறது என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார்.

உதைத்தது எங்கே என்பது இரண்டு வருடம் கழித்து மினேகோ சொல்லித்தான் தெரிந்தது. அவர்களுடைய கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ஜோடிச் சோற்றுக் கிண்ணங்கள் இரண்டிலும் ஒரே நீல அலைக்கோலம். வழக்கப்படி கணவனுடையது பெரிது, மனைவியுடையது சின்னது. அந்தப் பன்னிரண்டு வாரமும் மினேகோ தன் கிண்ணத்தில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அவருடையதில் தான் சாப்பிட்டிருக்கிறாள்.