பல்லடத்திலிருந்து கணபதிக்கு: செத்த சிப்களை எண்ணப் போன புதன்கிழமை

நேற்று வரை நான் தனியாகப் பஸ் ஏறியதில்லை. இன்று புதன்கிழமை, பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போய்வந்தேன். வீட்டில் எல்லாரும் தூங்கியபின், பத்தாம் வகுப்பில் நமக்குள் சுற்றும் பயண நோட்டுக்காக இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடமே நின்றுவிடும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இரண்டு படிவங்கள். கம்ப்யூட்டர் சிப் செய்யும் இரண்டு கம்பெனிகள் ஒரே வாரத்தில் பங்கு வெளியிடுகின்றன. ஒன்றின் படிவம் சிவப்பு, மற்றது நீலம். அவற்றின் சிப்களின் மீதும் அதே நிறத்தில்தான் சீட்டு ஒட்டியிருக்கும். நான் பிளஸ் ஒன் சேர வைத்திருக்கும் பணத்தை அப்பா ஒன்றில் போடப்போகிறார். நாளைதான் கடைசி நாள். நீலத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? கிணற்று மோட்டார் வாங்குவதுபோலத்தான். அப்பா மோட்டார் கடைக்காரரை நம்பமாட்டார். மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் பட்டறைக்குப் போய், எரிந்து கிடப்பதில் எந்தக் கம்பெனி அதிகம் என்று பார்ப்பார், அதை வாங்கமாட்டார். போன வாரம் கோயமுத்தூர் கணபதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பட்டறை ஒன்றின் வாசலில் நின்று, பழுதான சிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "செவப்பு குமிஞ்சு கெடக்குது. நீலம் ரெண்டோ மூணோதான். நீலத்துலயே போட்டுரலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

மொத்தம் எத்தனை விற்றதாம் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் அந்தப் பட்டறையில்தான் நம் மல்லிகாவின் அக்கா செல்வி சால்டரிங் வேலை செய்கிறார்.

காலை 8.20 பஸ். காந்திபுரம் 36 கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். கண்டக்டர் என் யூனிபார்மைப் பார்த்தார்.

"ஏனம்மணி, ஸ்கூலு பின்னால போகுது, நீ முன்னால போற?"

"அக்கா ஊட்டுக்குங்க."

"புஸ்தக மூட்டையோடயா? அக்கா டீச்சருங்களா?"

பஸ்ஸே சிரித்தது. சூலூர் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை.

9.40க்குக் காந்திபுரம். அங்கிருந்து டவுன் பஸ், நாலு கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். பட்டறை ஒரு மாவு மில்லின் மாடியில் இருக்கிறது. படியேறினால் கம்பு மாவு வாசமும் ஈயம் உருகும் வாசமும் சேர்ந்து வரும்.

"உங்கொப்பனுக்குத் தெரியுமா கண்ணு?" என்றார் செல்வி அக்கா.

"தெரியாதுங்க்கா."

"தெரிஞ்சா செத்த நீ!" என்று சிரித்தபடியே பெட்டியைப் பேப்பர்மேல் கொட்டினார். எண்ணினோம். சிவப்பு முப்பத்தொன்று, நீலம் மூன்று. அப்பா பார்த்தது சரிதான். பிறகு அப்பாவிடம் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டேன். அக்கா வேலை நோட்டைப் புரட்டினார்.

"நாங்க மாட்டுனதுல செவப்பு நானூறுக்கு மேல இருக்கும். நீலம் மொத்தமே நாலு. நாலுல மூணு மண்டையப் போட்டுருச்சு."

"அப்ப செவப்புல பணம் போடலாங்களா?"

"அவசரப்படாத அம்மணி. சரக்கு நல்லதுதான். ஆனா பொங்கலப்ப ஆயிரத்தி நானூறுக்கு வாங்குனோம், இப்ப ஐநூறு. வெளிநாட்டு சிப்பு வந்து குமியுது. நல்லா ஒழைக்கறது வேற, நல்லா சம்பாரிக்கறது வேற. எனக்கு சால்டரிங்தான் தெரியும், பங்கு தெரியாது."

போகும்போது இதை நான் யோசித்திருக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இதுதான் ஓடியது. மோட்டார் வாங்குகிறவருக்கு அது எரியாமல் ஓடினால் போதும். கம்பெனியில் பங்கு வாங்குகிறவருக்கு, அது என்ன விலைக்கு விற்கும் என்பதும் வேண்டும். சிவப்பு நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீலம் வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

2.15க்குக் கிளம்பி 3.35க்குப் பல்லடம். பள்ளி விடும்வரை நூலகத்தின் பின்னால் நின்றேன். மொத்தச் செலவு பதினைந்தரை ரூபாய்.

நீங்கள் போவதானால் யூனிபார்ம் வேண்டாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் பத்தரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் போனால் முதலாளி இருப்பார். செத்ததை எண்ணும்போது மொத்தத்தையும் கேளுங்கள்.

இதைக் கார்பன் தாள் வைத்து எழுதியிருக்கிறேன். அடிப்பிரதி உங்களுக்கு, காலையில் பால் வாங்க வரும் மல்லிகாவிடம் கொடுத்துவிடுவேன். மேல்பிரதி நீலப் படிவத்துக்குள். அப்பா ஏழு மணிக்கு அதை எடுப்பார். நாளை வகுப்பில் என் இடம் காலியாக இருந்தால், படித்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் பணம் மிஞ்சியிருக்கும். பிளஸ் ஒன்னுக்குள் அவர் மனம் மாற இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.