பேப்பர் குடோனில் சுருட்டுப் பெட்டி

இன்று காலை எங்கள் அச்சகத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சிவகாசி வெயிலில் சுருட்டு இரண்டே நாளில் சருகாகிவிடும். வருடம் முழுக்க ஒரே அளவு ஈரம் நிற்கிற இடம் எங்கள் பேப்பர் குடோன்தான். தாள் சுருங்கினால் வண்ணம் விலகிவிடும் என்று அங்கே நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டிருப்போம். அதனால் என் சுருட்டுப் பெட்டியையும் தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

இன்று முதலாளி ஒரு லேபிள் கட்டோடு வந்தார். குழந்தை மருந்து லேபிள். மதுரைக் கம்பெனி டிரங்க் கால் போட்டுத் திட்டிவிட்டு, கட்டைத் திருப்பி அனுப்பியிருந்தது.

"மோந்து பாருங்கலே! பச்சப்பிள்ளை மருந்துல சுருட்டு வாடை அடிக்குது. எவன் பாத்த வேலைலே இது? இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கேன்!"

கோப வேகத்தில் குடோனுக்குள் போய்க் கட்டுகளை நகர்த்தச் சொன்னார்.

பின்னால் என் பெட்டி இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள்!

ஒன்று யாருடையது என்பது ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் சர்ச்சில் புகையிலையைத் திட்டிப் பேசுகிற மனிதர்! என் முகமும் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

தலை குனிந்தபடியே அவர்தான் கேட்டார்: "அப்ப மூணாவது யாருது முதலாளி?"

முதலாளி மூன்றாவது பெட்டியை எடுத்துத் தோள் துண்டால் மூடிக்கொண்டார்.

"வேற தாள்ல புதுசா அடிச்சுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்ற அச்சக நண்பர்களே, உங்கள் குடோனிலும் கட்டுகளை நகர்த்திப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே பார்ப்பது நல்லது.