எரியோட்டுக் கிணற்றில் ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர்

என் அப்பாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரோடு உலகத்தில் இருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். எழுதினால் அடுத்த நிமிடமே எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அது தமிழ்ப் பெயர் இல்லை, சாமி பெயர் இல்லை, திண்டுக்கல் வேதக்காரர்கள் வைக்கிற புனிதர் பெயரும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு வம்சத்தின் குடும்பப் பெயர். எரியோட்டுப் பக்கம் மிளகாயும் சோளமும் போட்ட ஒரு சம்சாரி தன் மகனுக்கு அதை வைத்திருந்தார்.

இதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. டவுனில் சொல்வது ஒன்று, ஊரில் சொல்வது ஒன்று.

அப்பா மின்சார வாரியத்தில் வேலை பார்த்தார். ஆபீஸில் யாராவது கேட்டால், “எங்க தோட்டத்துப் பக்கம் வெள்ளக்காரத் துரை ஒருத்தர் கேம்ப் போட்டிருந்தாரு. ரொம்ப நல்ல மனுசன். அவரு ஞாபகமா எங்கப்பா வச்சது” என்பார். நெற்றியில் பட்டை விபூதியோடு இதைச் சொல்வார். அப்படியும் விடாமல் கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக் வரும், எந்தச் சர்ச், எந்தப் பங்கு என்று விசாரணையும் வரும். கேக்கை நாங்கள் தின்றோம்.

ஊர்க்காரர்களிடம் துரை கதை எடுபடாது. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போவதற்குச் சில வருடங்கள் முன்னால், என் தாத்தா கிணற்றில் கமலை இறைத்த மாட்டை விற்று ஓர் ஆயில் இன்ஜின் வாங்கினார். அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் இன்ஜின். பொழுது விடியும் முன்பே மாட்டை விரட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்த மனிதர், உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தார். அந்த மாதமே என் அப்பா பிறந்தார். எங்கள் பக்கம் வேண்டுதல் பலித்தால் அந்தச் சாமி பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்த சாமி எது? இன்ஜினின் நெஞ்சில் இரும்பு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்து அதை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லி, குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்லிவிட்டார். அது செய்தவனுடைய குடும்பப் பெயர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்.

அதன்பிறகு அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்தாலே பையன்கள் ‘டுக்கு டுக்கு’ என்று சத்தம் போடுவார்களாம். கல்யாணப் பந்தலில்கூட ஒரு சித்தப்பா, “மாப்பிள்ளைக்கு டீசல் ஊத்தியாச்சா?” என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார், அப்பா எழுந்து போய்விடுவார். வாரியத்தில் சேர்ந்து, கிணறு கிணறாகக் கரண்டு இணைப்புக் கொடுத்து, வேடசந்தூர் வட்டாரத்து ஆயில் இன்ஜின்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கியதில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்றே நினைக்கிறேன்.

வழக்கப்படி மகன் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும். என் கல்யாணத்தன்றே அப்பா என்னை ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டார். “ஏலே, பேரன் பொறந்தா எம் பேர வச்சுராதீங்க. நான் பட்டது போதும். இந்தப் பேரு என்னோட முடிஞ்சிரட்டும்.” அவர் குரலைக் கேட்டு எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

எனக்கு மட்டும் அந்தப் பெயர் மேல் சின்ன வயதிலிருந்தே ஓர் அரிப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் பாஸ்போர்ட் எடுக்கப் போனேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ஏஜென்ட் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டார். அன்றிலிருந்து காகிதத்தில் நானும் அந்த வம்சம் ஆகிவிட்டேன். கம்பெனி என்னை ஒரு பயிற்சிக்குச் சிங்கப்பூர் அனுப்பியபோது, அதை நடத்தியவர்கள் இணையத்தில் போட்ட பெயர்ப்பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் அது முழுசாக நின்றது, பக்கத்தில் ஊரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் அப்பாவின் பெயரைத் தட்டித் தேடினேன். ஒரே ஓர் இணையதளம்தான் உருப்படியாக வந்தது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் குடும்பப் பெயருக்காகவே நடத்தும் தளம். அதில் ஓர் உலகப் படம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள், கனடாவில் ஒன்றிரண்டு, ஆஸ்திரேலியாவில் ஒன்று. கர்சரைக் கீழே கொண்டுவந்தேன். தென்னிந்தியாவில் தனியாக ஒரு புள்ளி. கிளிக் செய்தால் என் பெயர், என் ஊர். பக்கத்து சீட்டுப் பையன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்தத் தளத்துக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். மறுநாளே பதில் வந்தது, பக்கம் பக்கமாக. முதலில் அது மனிதர் பெயரே இல்லையாம். மலைச்சரிவில் ஆடு மேய்த்தவர்களின் ஒரு பண்ணை வீட்டுக்குப் பெயர். அங்கிருந்து இறங்கி வந்தவர்களை ஊரார் அந்தப் பண்ணை பெயராலேயே அழைக்க, அது குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு கிளை சுரங்க ஊருக்குப் போனது, ஒரு கிளை கப்பலேறியது. பண்ணை இருந்த இடம் இப்போது ஒரு நீர்த்தேக்கத்துக்கு அடியில். நான் எங்கள் பக்கத்து ஆத்தூர் அணையை நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் கேட்டிருந்தார்: கப்பலேறியவர்களில் ஒரு தம்பி இந்தியா போனான், அதன்பின் தகவலே இல்லை. நீங்கள் அவன் வழியா?

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் சிறுத்துவிட்டது. “இன்ஜின் கதையச் சொல்லிட்டியா?”

“இல்லப்பா.”

“சொல்லிராத. ஊருக்குள்ள சிரிச்சது பத்தாதுன்னு வெள்ளக்காரனும் சிரிக்கணுமா?”

நான் மழுப்பலாகவே எழுதிக்கொண்டிருந்தேன். மழுப்ப மழுப்ப அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. மூன்றாவது வருடம் ஒரு தை மாதத்தில், மதுரைக்கு விமானத்தில் வந்து டாக்சி பிடித்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கிவிட்டார். அப்போது என் மனைவிக்கு நிறைமாதம். அம்மா நாட்டுக்கோழி அடித்து, “வெஞ்சனமெல்லாம் காரமில்லாம வைக்கணுமாடா?” என்று கேட்டபடி அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தார். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். துரை கதையைச் சொல்வது என்று தீர்மானமாக இருந்தார்.

வந்தவர் உயரமானவர், முட்டி வலிக்காரர். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து அந்த உலகப் படத்தைப் பெரிதாக அச்சடித்த தாளை எடுத்து விரித்தார். தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவர்களும் வயதானவர்கள், தங்களோடு அங்கே அந்தப் பெயர் முடிந்துவிடும் என்றார். பிறகு ஒரு பழைய புகைப்படத்தை அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காணாமல் போன தம்பியின் படம். மூக்கு ஒரே மாதிரி இருப்பதாகச் சொன்னார். எங்கள் மூக்கு எரியோட்டு மூக்கு, அதில் சந்தேகமே கிடையாது.

அப்பா ஆரம்பித்தார். “எங்க தோட்டத்துப் பக்கம் ஒரு துரை…” நான் மொழிபெயர்த்தேன். வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேசையைத் தாண்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துரை எந்த வருடம் வந்தார், எங்கே புதைத்தார்கள், கல்லறை இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நாற்பது வருடமாக ஆபீஸில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை, இந்த மனிதர் முன்னால் அப்பா அத்தோடு நிறுத்திவிட்டார்.

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். “வண்டிய எடு. தோட்டத்துக்குப் போவோம்.”

எங்கள் பழைய தோட்டம் இப்போது பெரியப்பா மகனுடையது. கிணற்றில் தண்ணீர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால், கருவேல முள்ளுக்கு நடுவில் அந்த இன்ஜின் கிடந்தது. பழைய இரும்புக்காரன் கேட்டும் பெரியப்பா விற்காமல் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு வருடா வருடம் அதற்கும் ஒரு பொட்டு உண்டு. சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்திருந்தன. அப்பா துண்டை நனைத்து நெஞ்சுப் பக்கத்தை அழுத்தித் துடைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“சொல்லுடா அவருகிட்ட. துரையும் இல்ல, ஒரு எழவும் இல்ல. எங்கப்பன் இதப் பாத்துத்தான் எனக்குப் பேரு வச்சான். அம்புட்டுத்தான். ரத்தமும் இல்ல, சொந்தமும் இல்ல. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்த மனுசன்ட்ட பொய் சொல்ல என்னால ஏலல.”

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, எழவு உட்பட. அவர் சிரிக்கப் போகிறார் என்று அப்பாவும், அழப் போகிறார் என்று நானும் நின்றோம். அவர் வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளை விரலால் தடவினார். சுரங்க ஊருக்குப் போன கிளையில் ஒருவர் பட்டறை வைத்து இன்ஜின் வார்த்தார் என்று படித்திருக்கிறாராம். பட்டறையை இடித்துவிட்டார்கள். அவர் செய்த இன்ஜின் ஒன்றைக்கூட இவர் அங்கே பார்த்ததில்லை. இத்தனை வருடம் மனிதர்களையே தேடினேன், இரும்பைத் தேடத் தோன்றவில்லை என்றார்.

அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. தன் வாழ்நாளெல்லாம் கேட்க நினைத்ததைக் கேட்டார். “இதச் செஞ்ச மனுசன் எப்படிப்பட்டவரு? பிள்ள குட்டி இருந்துச்சா?”

நல்ல மனிதர் என்றுதான் தனக்குக் கேள்வி என்றார் வந்தவர். எல்லாம் பெண் பிள்ளைகள். கல்யாணம் ஆனதும் அந்தக் கிளையில் பெயர் போய்விட்டது.

அப்பாவுக்கு இது விளங்கவில்லை. “கட்டிக் குடுத்தா பேரு எப்படிடா போகும்? இனிஷியல்தான மாறும்?”

அங்கே நம்மைப் போல அப்பா பெயர் இனிஷியலாக வராது, கல்யாணமானால் பெண்ணுக்கு இந்தக் குடும்பப் பெயர்தான் போகும் என்று விளக்கினேன். பெண் பிள்ளைகளாகப் பிறந்ததாலேயே ஒரு பெயர் உலகத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது அப்பாவுக்கு என்னவோ செய்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், “அநியாயமா இருக்கே” என்றார்.

கிளம்பும்போது வந்தவர் ஒன்று சொன்னார். ரத்த சம்பந்தம் இல்லாததால் முறைப்படி உலகப் படத்திலிருந்து எங்கள் புள்ளியை எடுத்துவிட வேண்டுமாம். நான் மொழிபெயர்த்ததும் அப்பா தலையாட்டினார். “எடுத்துரட்டும், நியாயந்தான” என்றார். ஆனால் டாக்சி தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். அந்தப் பெயர் தொலையட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டு வாடிப்போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது வாரம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயர் என்ற பேச்சுக்கே இடமில்லை, அப்பாடா என்று அம்மா சொன்னார். ஜாதகம் பார்த்து, மாமியார் வீட்டில் கேட்டு, அழகான ஒரு பெயரை முடிவு செய்தோம். பெயர் வைக்கிற அன்று வீடு நிறையச் சொந்தம். குழந்தையை அப்பாவின் மடியில் வைத்தோம். அவர் குனிந்து அதன் காதில் மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது, நாங்கள் முடிவு செய்த பெயர் அல்ல. அவருடைய பெயர்.

என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்னங்க சம்பந்தி இது, ஆம்பளப் பேருல்ல?”

“ஆம்பளப் பேருமில்ல, பொம்பளப் பேருமில்ல. இன்ஜின் பேரு” என்றார் அப்பா. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நாலு பேர் முன்னால், சத்தமாக, தலை நிமிர்ந்து சொன்னார். என் மனைவி சிரித்துவிட்டாள். அது சம்மதம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். “அந்த மனுசனுக்கு எழுதிப் போடு. எங்க வீட்டுல ஒண்ணு பொறந்திருக்கு, பொம்பளப் பிள்ளைதான், ஆனா கட்டிக் குடுத்தாலும் இது போகாதுன்னு எழுது.”