காது மேஸ்திரி

வலது கையை உயர்த்தி எல்லோரையும் வாய் மூடச் சொல்லிவிட்டு, ராயப்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் தலையைச் சாய்க்கிறார். பெல்ட் ஓடுகிறது. மூன்று கத்திகள் பூட்டிய உருளை உள்ளே கிறுகிறுவென்று சுற்றுகிறது. பலகை கொண்டு வந்தவர்கள் எச்சில் விழுங்கவும் யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்கள் திறக்கின்றன.

"மூணாவது கத்தி லேசா மொனங்குது. நிப்பாட்டு."

நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்தால், மூன்றாவது கத்தி மற்ற இரண்டையும்விட மயிரிழை இறங்கித்தான் இருக்கும். திண்டுக்கல் மரவாடிகளில் அவருக்குக் காது மேஸ்திரி என்று பெயர். வடமதுரைக்காரர்கள் வழியில் இரண்டு மில் இருக்க, அவற்றைத் தாண்டி நைனா முகமது ராவுத்தர் மில்லுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவது அந்தக் காதை நம்பித்தான்.

அந்தக் காது கேட்காமல் போய் வருஷம் ஆறாகிறது.

இழைப்பு மிஷின் பார்வைக்குச் சாது. இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் ரோலர் கவ்வி இழுத்துக் கத்திக்கு அடியில் அனுப்பி, கேட்ட கனத்துக்குச் சீவி அந்தப் பக்கம் தள்ளிவிடும். அதன் கூச்சல்தான் பல்லுக்குள் இறங்கும். அதன் வாய்க்கு நேராகப் பதினான்கு வருஷம் நின்றிருக்கிறார் ராயப்பராஜ். நயா பைசா வந்த வருஷம் இடக் காது போயிற்று. வலக் காது மறு வருஷமே அதற்குத் துணையாகக் கிளம்பிவிட்டது. இப்போது வலக் காதில் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். வீட்டில் மனைவி இஞ்ஞாசியம்மாள் அப்படித்தான் கத்துகிறாள். ஊரிலேயே பொறுமைசாலியான அந்த அம்மாளைப் பக்கத்து வீட்டார் பெரிய சண்டைக்காரி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

மில்லில் அவருக்குச் சங்கடமே இல்லை. மிஷின் ஓடும்போது அங்கே எல்லோரும் செவிடர்தான், கை ஜாடைதான் பேச்சு. மிஷின் நின்றால்தான் ஆபத்து. அதனால் நின்ற மறு நிமிஷம் தலையை அதற்குள் விட்டுக்கொள்வார். ரோலரில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். பலகை வழுக்கிக்கொண்டு போவதற்காக, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை அடித்தகட்டில் தேய்ப்பார். இவ்வளவு சுத்தமான இழைப்பு மிஷின் மதுரையில்கூட இல்லை என்று முதலாளி பெருமை பேசுவார். பாவம், அவருக்குக் காரணம் தெரியாது.

அப்படியும் யாராவது விடாமல் வந்து எதையாவது கேட்டால், அதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தார். "ஆகட்டும் ஆகட்டும். பாத்துச் செய்வோம்." பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு இது கச்சிதமாகப் பொருந்திவிடும். மாமியார் இறந்தபோது துக்கம் விசாரித்தவருக்கும் இதுவே கிடைத்தது. அவர் அதைத் தேவ சித்தத்துக்குப் பணிந்த பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

பக்தியில் குறை சொல்ல முடியாது. பூசையில் கடைசி வரிசையில்தான் நிற்பார், முன்னால் இருப்பவர்கள் முழந்தாளிட்டால் தானும் இடலாமே. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் கிசுகிசுவென்று சொல்லும் பரிகாரம் மூன்று செபமா, பத்தா, அவருக்குத் தெரியவே தெரியாது. எதற்கு வம்பு என்று ஒவ்வொரு தடவையும் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி செபத்தையும் முழுசாகச் சொல்லி முடிப்பார். அவர் அவ்வளவு நேரம் முழந்தாளில் இருப்பதைப் பார்க்கிறவர்கள், இந்த மனிதர் அப்படி என்னதான் செய்கிறார் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

காதுதான் பொய், கை பொய்யில்லை. கத்தியை எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், வழுக்கினால் மறுபடி தீட்டுவார். பூட்டும்போது பென்சில் கோடு கிழித்த தேக்குச் சட்டத்தை உருளைக்கு மேலே வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவார். மூன்று கத்தியும் சட்டத்தை ஒரே அளவு நகர்த்த வேண்டும். ஒன்று குறைத்து நகர்த்தினால் போல்ட்டைத் தளர்த்தி முதலிலிருந்து தொடங்குவார். ஒரு காலைப் பொழுதே இதில் போய்விடும். இதைப் பார்த்து யாரும் வாய் பிளந்ததில்லை. கண்ணை மூடித் தலையைச் சாய்த்தால்தான் பிளந்தார்கள். அவர் என்ன செய்வார்?

ஆனால் ஓடுகிற மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்குச் சொன்னது மூக்காயி. மிஷினுக்குப் பின்னால் குழியில் விழும் மரச்சுருளைக் கூட்டி அள்ளுகிறவள். கூலியோடு அந்தச் சுருளும் அவளுக்குத்தான், ஓட்டல் அடுப்புகளுக்குக் கொண்டு போய்ப் போடுவாள். "சுருளுன்னா குப்புனு பிடிக்கும், தூளு பொகையும்" என்று ஓட்டல்காரர்கள் ஏசி ஏசியே அவளுக்குச் சீவலில் கண் பழகிவிட்டது. கத்தி மழுங்கினால் சுருள் தூளாகும். ஒரு கத்தி இறங்கினால் தடியும் மெலிசுமாகக் கலந்து விழும். ஒரு நாள் பெல்ட் அறுந்து படபடவென்று அடித்தபோது இவர் அசையாமல் பலகையைக் கொடுத்துக்கொண்டிருக்க, ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தவள் அவள். அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மறு நாளிலிருந்து ஒரு பிடி சுருளைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள். தூளாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து ஊதுவாள். கலந்திருந்தால் விரலால் இரண்டாகப் பிரிப்பாள். இவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு நிதானமாகக் கண்ணை மூடுவார். இறங்கிய கத்தி எதுவோ அதுதான் மூன்றாவது, எண்ணத் தொடங்குகிறவர் அவர்தானே.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்றால், ராவுத்தருக்கு ஒரு கொள்கை உண்டு. "மிஷின்கிட்ட நிக்கிறவனுக்கு அஞ்சு புலனும் வேணும்ப்பா." கண் மங்கிய ரம்பக்காரர் மொக்கைச்சாமியை அவர் மாலை போட்டு மரியாதையாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மாலை நல்ல மாலைதான். மொக்கைச்சாமி இப்போது பஸ் நிலையத்துப் பக்கம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்.

போன சனிக்கிழமை சாயங்காலம், மிஷின் நின்றிருந்த பொல்லாத வேளையில், ராவுத்தர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, செங்கச் சூளைக்காரங்க சுருள் மொத்தத்தையும் கேக்குறாங்க. அவங்க ஆளே வந்து அள்ளிக்குவாங்களாம். மூக்காயிய நிறுத்திரட்டுமா? நீ வேணும்னு ஒரு வார்த்த சொன்னா அவளே இருக்கட்டும்."

விளக்குமாற்றோடு மூக்காயி நாலு எட்டுத் தள்ளி நின்றிருந்தாள். மேஸ்திரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பேசினால் அவருக்குக் கேட்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், எல்லோருக்கும் பதில் சொல்கிறாரே. ராயப்பராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான சிரிப்போடு தலையை ஆட்டினார்.

"ஆகட்டும் மொதலாளி. பாத்துச் செய்வோம்."

திங்கட்கிழமை சூளை ஆட்கள் இருவர் சாக்கோடு வந்து குழியில் இறங்கினார்கள். மூக்காயிக்கு மேலுக்குச் சுகமில்லை போலிருக்கிறது என்று ராயப்பராஜ் நினைத்துக்கொண்டார். அவர்கள் சுருளா தூளா என்று பார்க்காமல் வாரித் திணித்தார்கள். செவ்வாய்க்கிழமை இவரே குழிக்குள் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கப் போனார். குப்பையைக் கிளறும் காது மேஸ்திரியைப் பார்த்து ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவன் சிரித்தான். சிரிப்பு காதில் விழாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்தது. விருட்டென்று நிமிர்ந்து போய்விட்டார். புதன்கிழமை வடமதுரை சுருளிவேலின் வேங்கைப் பலகைகள் நார் எழும்பிச் சிலும்பு சிலும்பாக வெளியே வந்தன. அதையும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, "கத்தி கணக்கா இருக்கு" என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினார்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் மூக்காயியைப் பார்த்துவிட்டு வந்த இஞ்ஞாசியம்மாள், குடத்தை இறக்கி வைக்காமலே அவர் வலக் காதுக்கு வந்தாள்.

"மூக்காயிய நிறுத்தச் சொன்னது நீங்கதானாம்ல! மொதலாளி ஒங்களக் கேட்டாராம், நீங்க ஆகட்டும்னீகளாம்! நான் என்ன தப்புப் பண்ணுனேன், மேஸ்திரியே சொன்ன பெறகு எனக்கு அங்க என்ன சோலின்னு அந்தப் பிள்ள அழுகுது!"

தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கும் கேட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆறு வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிய ஒரு வார்த்தை இன்னொருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டதை நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை சுருளிவேல் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்து ராவுத்தர் முன்னால் போட்டு, மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். "எளைக்கக் குடுத்தா ஆட்டுத் தோலாட்டம் திருப்பிக் குடுத்திருக்கீக! வார வெள்ளிக்கு வீடு பால் காய்ச்சணும், கதவுக்கு எங்கிட்டுப் போவேன்?" ராவுத்தர் சிலும்பின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டினார். சூளை ஆட்கள் சாக்கைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மிஷின் நின்றது. ராயப்பராஜ் இந்தத் தடவை தலையை உள்ளே விடவில்லை. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளி கேட்டு வரைக்கும் கேட்டது.

"மொதலாளி, மூக்காயி வேணும். அவள அனுப்புனது என் தப்பு. அவ இல்லாம இந்த மிஷின என்னால ஓட்ட ஏலாது. அவ வரலாமா?"

ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாடிக்குள் உதடுகள் அசைந்தன. ஒரு வார்த்தையில் முடியவில்லை, நீளமாக ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்து அது சரி என்றா, முடியாது என்றா கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். மில்லே பார்த்துக்கொண்டிருந்தது. ராயப்பராஜின் தலை தானாக ஆடத் தொடங்கியது, பாதியில் நின்றது.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். ராவுத்தர் பக்கத்தில் ஓரடி எடுத்து வைத்து, எல்லோரும் பார்க்க, வலது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவர் வாயருகே குனிந்தார்.