மாஸ் என்றால் எடை அல்ல

"ஐப்பசி முதல் ஞாயிறு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிறது. செல்வம் ஒயரைத் தப்பாக மாற்றி இணைத்திருக்கிறார்." என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது.

கார், அப்பா வாங்கிய பழைய பிரெஞ்சு வண்டி. பின்பக்க ஒயரிங்கைப் புதிதாகச் செய்தவர் காரைக்கால்மேட்டு எலெக்ட்ரீஷியன் செல்வம்.

"எர்த்து சரியா வரல சார், கழட்டிப் பாக்கணும்" என்றார்.

"வண்டியோட புத்தகத்தையே படிச்சிட்டேன். பின் லைட்டுக்கு எர்த்தே கிடையாது. உங்க தப்ப மறைக்காதீங்க" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் டீக்காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். டிராக்டர் ஒயரிங்குக்கு அவரைக் கூப்பிட இருந்த குரும்பகரத்து நண்பரிடமும் அதையே சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு மரியா அக்காவிடம் காட்டினேன். அவர் கணவர் பாரிஸில் மெக்கானிக்காக இருந்தவர். வரைபடத்தில் பின்விளக்கின் அருகே 'மாஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தது. அகராதியைப் பார்த்து, பக்கத்தில் 'எடை' என்று நான் எழுதியிருந்தேன்.

அக்கா சிரித்துவிட்டார். "லைட்ட தராசுல வச்சா பாப்பாங்க? கார்ல மாஸ்னா எர்த்துங்க."

விளக்கைக் கழற்றினேன். எர்த்து திருகு பிடிக்கும் தகரத்தில், துருவுக்குப் பயந்து நானே அடித்த பெயிண்ட் இருந்தது. மின்சாரத்தைத் தடுத்த அதைச் சுரண்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அதே டீக்கடையில் செல்வத்திடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கி மாஸ் காட்டுனது நீங்கதான் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குரும்பகரத்து நண்பர் டிராக்டர் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். என் பேச்சைக் கேட்டுத்தான் கொடுத்தாரா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.