அமிர்தசாமியின் இன்னொரு கோட்டிங்

இடது உள்ளங்கையில் பழைய வேட்டித் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டே போகிறார் அமிர்தசாமி. பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி மெதுவாகப் போகிற கை, ஓரிடத்தில் நிற்கிறது. பின்னால் வருகிறது. மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது.

"இருக்கு" என்கிறார்.

சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிற அவர் மனைவி பாக்கியமேரி கிட்டே வந்து எட்டிப் பார்க்கிறாள். "என்னங்க இருக்கு?"

"பள்ளம்."

"நேத்து இல்லையே!"

"நேத்தும் இருந்திருக்கும். நேத்து என் கைக்குத் தெரியல. இன்னும் ஒரு கோட்டிங் போட்டா நின்னு பேசும்."

தட்டில் குழம்பு ஆறி ஆடை கட்டிக்கொண்டிருக்கும். அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைக்கத் தொடங்கியிருப்பார்.

பாலக்கரையில் ஒரு சந்தின் கடைசியில் தகரக் கொட்டகை, அதை ஒட்டினாற்போல் வீடு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று காட்டூர் லாரிக்காரர்கள் முதல் மலைக்கோட்டை நகைக்கடைக்காரர்கள் வரை சொல்வார்கள். சொல்லிவிட்டு, "ஆனா வண்டி திரும்பி வர்றது மட்டும் ஆண்டவன் சித்தம்" என்று கையையும் விரிப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை வேலை நேரத்தில் போட மாட்டார். "கண்ணு முகத்துக்காகப் பொய் சொல்லும் பாக்கியம், கை சொல்லாது" என்பார். சட்டைப் பையில் தேய்ந்த உப்புத்தாள் துண்டுகளும் ஜெபமாலையும் ஒன்றாகக் கிடக்கும். அதனாலேயே ஜெபமாலை மணிகள் பளபளப்புப் போய்ச் சொரசொரத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணி விரலில் உருளும், கண் முன்பெஞ்சின் வார்னிஷைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வண்டியைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது பாக்கியமேரியின் தலையெழுத்து. "பிரைமர் காயலைங்க." "கரண்ட் போயிருச்சுங்க." "கம்ப்ரஸர் பெல்ட்டு அறுந்துபோச்சுங்க." அந்த பெல்ட் ஒரே வருஷத்தில் பதினாறு தடவை அறுந்திருக்கிறது. மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "ஏம்மா, இது உன் பாவமா, உன் வீட்டுக்காரர் பாவமா?" என்று பங்குச் சாமியாரே ஒரு தடவை கேட்டார். "அவரு வந்து சொல்ல மாட்டாருங்க சாமி, வேலை கிடக்கும்பாரு" என்றாள் இவள்.

அப்படியிருந்தும் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாத வண்டியாக ஆவணி மாதத்தில் ஒன்று வந்து சேர்ந்தது. ஸ்ரீரங்கத்து அழகியமணவாளன், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, மாமனார் விட்டுப்போன சீமைக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மேலே துணிக்கூரை, மடித்துவிட்டால் திறந்த கார். பதினோரு வருஷம் கொட்டகையில் கிடந்து, கதவின் அடிப்பக்கம் அப்பளமாக உதிர்ந்தது. தை மாதம் அவர் மகள் வத்ஸலாவுக்குக் கல்யாணம். பிள்ளை வீட்டார் வேறொன்றும் கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் இந்தக் காரில்தான் நடக்க வேண்டும். சம்பந்தி தன்னுடைய கல்யாணத்தில் இதே காரில் உட்கார்ந்து சித்திரை வீதியைச் சுற்றியவராம்.

"கறுப்பு மட்டும் வேண்டாம், சுபகாரியம்" என்று கூட வந்த அவர் மனைவி கமலவல்லி கெஞ்சினாள். கரும்பச்சை என்று முடிவானது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். எஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து ஒரே வாரத்தில் ஓட வைத்துவிட்டுப் போனார். அமிர்தசாமி துருவைச் சுரண்டினார், தகரம் வெட்டி ஒட்டினார், சுத்தியலால் தட்டினார், பட்டி வைத்தார், தேய்த்தார், மறுபடியும் வைத்தார். மார்கழிக் கடைசியில் அழகியமணவாளன் வந்து, கார் பிரைமரின் சாம்பல் நிறத்தில் நிற்பதைப் பார்த்து அப்படியே மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் பாக்கியமேரி, வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள்.

"சாமி, ஊர்வலத்தன்னிக்கு, புதன்கிழமை நாலு மணிக்குக் கார் இந்தச் சந்தைத் தாண்டும். பூண்டி மாதா மேல சத்தியம்."

"ஏன் பாக்கியம் மாதாவை இதுல இழுக்கிற?" என்றார் அமிர்தசாமி, அழகியமணவாளன் போன பிறகு.

"நீங்க இழுக்குற இழுப்புக்கு வேற யாரை இழுக்கறது? என் சத்தியம் பொய்யாச்சுன்னா எந்த முகத்தோட நான் கோயில் படி ஏறுவேன்?"

அவர் எழுந்து பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். திங்கட்கிழமை கார் முழுக்கப் பச்சையாகி நின்றது. பாக்கியமேரி மெழுகுவர்த்தி வாங்கப் போனாள். வாங்கித் திரும்புவதற்குள் பானெட்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பூராவும் அந்த ஒரு கொசுவுக்காகப் பானெட் முழுவதையும் தேய்த்து எடுத்தார்.

"ஊர்வலத்துல மாப்பிள்ளையைப் பாப்பாங்களா, கொசுவைப் பாப்பாங்களா?" என்று அழுதே விட்டாள்.

"நான் பாப்பேன்ல."

புதன்கிழமை விடியற்காலை பானெட்டுக்குக் கடைசிக் கோட்டிங் ஏறியது. பகல் இரண்டு மணிக்கு அழகியமணவாளனும் கமலவல்லியும் வந்துவிட்டார்கள். "மேலாக்கத்தான் காஞ்சிருக்கு, உள்ளுக்கு இளசு. யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார் அமிர்தசாமி. அழகியமணவாளனுக்குக் காப்பி எடுக்கப் பாக்கியமேரி உள்ளே போனாள்.

கமலவல்லிக்குக் காரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவின் கார். நெற்றி வெறுமையாக எப்படிப் புறப்படும்? கையோடு கொண்டுவந்த திருமண்ணை உள்ளங்கையில் குழைத்து, மோதிர விரலால் பானெட்டின் நடுவில் பக்தியோடு இரண்டு கோடு இழுத்தாள். சிவப்பு ஸ்ரீசூர்ணத்தையும் நடுவில் அழுத்தி வைத்தாள்.

"ஐயோ அம்மா!" பாக்கியமேரி காப்பியோடு ஓடிவந்தாள். ஈரத்துணியால் துடைத்தார்கள். மண் போயிற்று. விரல் உழுத பள்ளம் போகவில்லை. பள்ளத்துக்குள் வெள்ளையும் சிவப்பும் தங்கிப்போய், கார் நெற்றியில் அடிபட்ட மாதிரி இருந்தது.

"பெருமாளே, நானே என் கையால கெடுத்துட்டேனே! ஏன்னா, நீங்களாவது தடுக்கப்படாதா?" என்று கமலவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அமிர்தசாமி வந்து பார்த்தார். பாக்கியமேரி மனசுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள். இப்போது உப்புத்தாளை எடுப்பார். எடுத்தால் வெள்ளிக்கிழமை. அதற்குள் தாலியே ஏறிவிடும்.

அவர் குனிந்து, மூக்கு பானெட்டில் இடிக்கிற அளவு உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அழகியமணவாளனிடம் கேட்டார்.

"சாமி, இந்த நாமம் மூக்குல இறங்கணுமா, நெத்தியோட நிக்கணுமா?"

"ஸ்ரீரங்கத்துக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா ஓய் இது? தென்கலை, பாதம் உண்டு!"

"லாரி நெத்தியில எல்லாச் சாமியையும் எழுதியிருக்கேன். இதுல மட்டும் கேட்டுக்கிட்டுத்தான் கை வைக்கிறது. ஒரு தடவை மாத்தி எழுதி, உறையூர்ல அண்ணன் தம்பிக்குள்ள அடிதடியே ஆயிப்போச்சு." உள்ளே போய் வெள்ளையும் சிவப்பும் மெல்லிய பிரஷும் கொண்டுவந்தார்.

பாக்கியமேரிக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிஷமே போய்விட்டது. பானெட்டின் நடு எது என்று தெரிய வேண்டுமாம். நூல் பிடிக்கச் சொன்னார். இவள் ஒரு முனை, அழகியமணவாளன் ஒரு முனை. "சாமி, கொஞ்சம் இடது பக்கம். ரொம்பப் போயிட்டீங்க. வலது." கல்யாணப் பெண்ணின் அப்பா நூலும் கையுமாகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. அந்தம்மாவின் விரல் போன பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வெள்ளைக்கோடு இரண்டும் ஏறின. நடுவில் சிவப்பு நின்றது. கீழே பாதம் இறங்கியது. கமலவல்லி கைகூப்பினாள்.

அமிர்தசாமி நாலடி பின்னால் போனார், தலையைச் சாய்த்தார். பிரஷ் மறுபடியும் உயர்ந்தது.

"இடது கோடு ஒரு நூல் ஒல்லி. இன்னும் ஒரே ஒரு கோட்டிங்..."

பாக்கியமேரி பிரஷைக் கையிலிருந்து பிடுங்கித் தின்னர் டப்பாவில் போட்டாள். "சாமி, வண்டியை எடுங்க! நிக்காதீங்க!"

அழகியமணவாளன் தாவி ஏறினார். கமலவல்லி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். கார் இருமி, உறுமி, கொட்டகையை விட்டு வெளியே தலை நீட்டியது. சந்தில் தைமாதத்து வெயிலில் புழுதி முழங்கால் உயரத்துக்குக் கிளம்பியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு அமிர்தசாமி வீட்டுக்குள் ஓடினார். பாக்கியமேரி சுவரில் சாய்ந்துவிட்டாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

வெளியே வந்தபோது அவர் இடுப்பில் தண்ணீர் வாளி. காருக்கு முன்னால் போய், குனிந்து, வலது கையால் அள்ளி அள்ளிச் சந்து மண்ணில் தெளித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்.

"என்ன பாக்கியக்கா, அண்ணன் வாசல் தெளிக்கக் கிளம்பிட்டாரா?" என்று எதிர்வீட்டு ஜீனத் ஜன்னலிலிருந்து சிரித்தாள். "கோலமும் போடுவாரா?"

அழகியமணவாளன் ஹாரனை அடித்தார். கமலவல்லியும் சேர்ந்து, "நாழியாறது, நாழியாறது" என்றாள். அமிர்தசாமி திரும்பிப் பார்க்கவில்லை. ஈரப் பெயிண்டில் புழுதி ஒட்டிவிடும் என்று, ஒரு பொட்டு இடம்கூட விடாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தெளித்து, மண் நனைந்து அடங்கியதைக் காலால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த அடி வைத்தார். பின்னால் அந்தப் பச்சைக் கார், அவர் நடக்கிற நடைக்கு, அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது.